பன்னிரண்டு வாரத்தில் சிக்ஸ் பேக்கா? ஃபிட்னஸ் விளம்பரங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, “12 வாரத்தில் இப்படி மாறினார்” என்று முன்-பின் படம் போடுகிறார்களே, எல்லாம் போட்டோஷாப்பா?

பதில்: போட்டோஷாப்புக்கு வேலையே இல்லை. முதல் படத்தில் விளக்கு நேராக முகத்தில் அடிக்கும். ஆள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தோளைத் தொங்கவிட்டு, வயிற்றைத் தளர்த்தி நிற்பார். டிராயரின் பட்டை தொப்பைக்குக் கீழே இறங்கி, சதை பிதுங்கும். இரண்டாவதில் வெளிச்சம் மேலிருந்து விழும், ஒவ்வொரு தசைக்கும் கீழே நிழல் வரும். உடம்பில் கொஞ்சம் எண்ணெய், படம் எடுக்கும் முன் நாலைந்து செட் புஷ்-அப், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம்.

நிஜமாகவே மாறியவர்களும் உண்டு. ஆனால் அதில் சிலர் முன்பே வருடக்கணக்கில் எடை தூக்கியவர்கள். நடுவில் விட்டுக் குண்டாகியிருப்பார்கள். ஒருமுறை வளர்ந்த தசை இரண்டாவது முறை வேகமாகத் திரும்பும். விளம்பரம் அந்தக் கதையை மட்டும் சொல்லாது.

கேள்வி: ஸ்வெட் பெல்ட் கட்டிக்கொண்டு நடந்தால் எடை குறைகிறதே சார்? நானே பார்த்தேன்.

பதில்: குறைந்தது வியர்வை. தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். கட்டிய இடத்துக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் இல்லை; எங்கே முதலில் குறைய வேண்டும் என்பதை உடம்புதான் தீர்மானிக்கும். “முதல் வாரமே 3 கிலோ” டயட்டும் பெரும்பாலும் இதே கணக்குதான். மாவுச்சத்தைக் குறைத்தால் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை, அதாவது கிளைகோஜன், தீரும். அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் வெளியேறும்.

கேள்வி: தினமும் 3 நிமிடம் போதும் என்று விற்கும் வயிற்று மெஷினை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆப் சர்க்கிள் ப்ரோ என்ற மெஷினை இப்படித்தான் விற்றார்கள்: தினம் 3 நிமிடம், இரண்டே வாரத்தில் 10 பவுண்டு (சுமார் 4.5 கிலோ) எடை குறையும். 2012-ல் பொய் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் பிடித்தது. வாங்கியவர்களுக்குத் திருப்பித் தர 1.5 முதல் 2.5 கோடி டாலர் வரை ஒப்புக்கொண்டார்கள். பெரிய கம்பெனிகளும் விதிவிலக்கில்லை. நடந்தாலே கால் தசை இறுகும் என்று ஷூ விற்றதற்கு ரீபாக் 2011-ல் 2.5 கோடி டாலரும், ஸ்கெச்சர்ஸ் 2012-ல் 4 கோடி டாலரும் கட்டின.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் நான் பின்தொடர்பவர் “நானே பயன்படுத்துகிறேன்” என்கிறார். நம்பலாமா?

பதில்: அவருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். அவர் பெயரில் தள்ளுபடிக் குறியீடு (டிஸ்கவுன்ட் கோட்) இருந்தால் கமிஷன் இருக்கும்.

கேள்வி: புரோட்டீன் பவுடர் டப்பாவில் 25 கிராம் என்று போட்டிருக்கிறது. லேப் ரிப்போர்ட்டும் காட்டுகிறார்கள். அப்புறம் என்ன?

பதில்: வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கும். கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைச் சேர்த்தாலும் நைட்ரஜன் ஏறும், தாளில் புரதமும் ஏறும். டாரின் புரதத்தின் கட்டுமானத்திலேயே சேராது என்பதுதான் வேடிக்கை. டப்பாவைத் திருப்பி, பொருட்கள் பட்டியலில் இவை தனியாக எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த 25-ல் நிஜப் புரதம் எவ்வளவு என்று விற்பவரையே கேளுங்கள்.

கேள்வி: “இன்று மட்டும் பாதிக் கட்டணம்” என்கிறது ஜிம். சேரலாமா?

பதில்: ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தை மட்டும் படியுங்கள்: தானாகப் புதுப்பிக்கும் விதி, ரத்து செய்யும் விதி. படிக்கக்கூட நேரம் தரவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். அந்தச் சலுகை அடுத்த வாரமும் இருக்கும்.