கேள்வி - பதில்: செதுக்கிப் பழக எந்த மரம்?

கேள்வி: மரத்துல சின்ன பொம்மை செதுக்கப் பழகணும்னு ஆசை. உளி செட்டு வாங்கணுமா? தேக்குல ஆரம்பிக்கலாமா?

பதில்: செட்டெல்லாம் இப்ப எதுக்குங்க, நல்ல செதுக்குக் கத்தி ஒண்ணு போதும். தேக்கு வேண்டாம், அதுல இருக்கிற சிலிக்கா (மணல்ல இருக்கிற அதே பொருள்) கத்தியைச் சீக்கிரம் மழுக்கிடும், பாஸ்வுட் மாதிரி மெத்துனு, ரேகை (மரத்துல நார் ஓடுற வரி) சீரா இருக்கிற மரம்தான் பழகறதுக்குச் சரி. ரேகை போற போக்குல வெட்டுனா சீவல் சுருள் சுருளா வரும், எதிரா வெட்டுனா நார் நாரா பிஞ்சுக்கும், அப்ப பல்லைக் கடிச்சிட்டு அழுத்தாதீங்க, கட்டையைத் திருப்பிப் பிடிச்சு அந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டுங்க. மழுங்கின கத்திதான் ஆபத்து (அழுத்தி வெட்டப் போய் வழுக்கிடும்), அடிக்கடி தோல் பட்டையில இழுத்துத் தீட்டிக்கோங்க. கட்டை பிடிக்கிற கைக்கு வெட்டுப்படாத கிளவுஸ் கட்டாயம். மடியில வெச்சு மட்டும் செதுக்கவே செதுக்காதீங்க, தொடையில பெரிய ரத்தக்குழாய் ஓடுது.