யார்கூட உக்காந்து பாக்கப் போறீங்க? 80ஸ் படங்கள் கேள்வி பதில்

ரெண்டு இதழுக்கு முன்னாடி ஒரு வாசகருக்கு 80ஸ் படங்கள் பத்தி நாலே வரில பதில் சொல்லியிருந்தேன், அதுக்கப்புறம் வந்ததுல பாதிக்கு மேல அதப் பத்தின கேள்விதான். அதனால இந்த இதழ் முழுக்க அதுவே.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயசு, மூட்டு ஆபரேஷன் முடிஞ்சு படுக்கையில இருக்காங்க. சீரியல் அலுத்துப் போச்சாம், கல்யாணமான புதுசுல பாத்த மாதிரி படம் போடுங்கிறாங்க. எதுல ஆரம்பிக்கட்டும்?
– வாசகி, திருச்சி

முதல்ல அம்மாகிட்டயே ஒண்ணு கேளுங்க, கல்யாணத்துக்கப்புறம் அப்பாகூட முதமுதலா எந்தப் படத்துக்குப் போனீங்கன்னு. அந்தப் பேரச் சொல்லும்போதே எந்தத் தியேட்டர், என்ன சேலை, இன்டர்வெல்ல என்ன சாப்ட்டாங்கன்னு எல்லாம் வரும், அதுல ஆரம்பிங்க, அந்தப் படம் சுமாரா இருந்தாலும் பரவால்ல. அடுத்து 'ஆண்பாவம்' (1985). பெரியவன் பொண்ணு பாக்கப் போறேன்னு வீடு மாறிப் போயி வேற பொண்ணப் பாத்துட்டு வர்றதுதான் கதையோட முடிச்சு, ஆனா எனக்கு அதவிட வி.கே. ராமசாமியும் கொல்லங்குடி கருப்பாயி அம்மாவும் இருக்கிற அந்த வீடுதான் பிடிக்கும். கருப்பாயி அம்மா நிஜமாவே நாட்டுப்புறப் பாடகி, அந்தப் பேச்ச வேற யாராலயும் பேசியிருக்க முடியாது.

அப்புறம் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986). அப்பாவுக்கும் பெரிய பையனுக்கும் காசு விஷயத்துல சண்டை வந்து வீட்டுக்கு நடுவுல கோடு கிழிப்பாங்களே, அந்தப் படம். கடைசில குடும்பம் ஒண்ணா சேர்ந்துரும், ஆனா மூத்த மருமக லட்சுமி, நாம தனித்தனியாவே இருப்போம், நல்லது கெட்டதுக்குக் கூடிக்குவோம்னு சொல்லிருவாங்க. அந்தக் காலத்துக் குடும்பப் படத்துல அப்படி ஒரு முடிவு வச்சது எவ்ளோ பெரிய விஷயம்னு அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, மாமியார் நாத்தனாரோட இருந்தவங்களா இருந்தா ஒரு மணி நேரம் பேசுவாங்க. 'பூவே பூச்சூடவா'வ மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க, உடம்பு தேறினப்புறம் பாக்கட்டும். பத்மினியும் நதியாவும் அழ வச்சிருவாங்க.

கேள்வி: நான் 2004ல பொறந்தவன். 80ஸ் படம்னாலே எல்லாரும் உருகுறாங்க, நான் ரெண்டு மூணு ட்ரை பண்ணேன், ஸ்லோவா இருந்துச்சு. ஒரே ஒரு படம் சொல்லுங்க, அதுவும் பிடிக்கலன்னா விட்டுர்றேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

'மௌன ராகம்' (1986). தம்பி, ஒரே ஒரு கண்டிஷன், போன வேற ரூம்ல வச்சிட்டுப் பாருங்க. இஷ்டமில்லாம கல்யாணம் பண்ணி டெல்லிக்கு வந்த பொண்ணு ரேவதி, உனக்கு என்ன வேணும்னு புருஷன் மோகன் ஆசையா கேக்கும்போது விவாகரத்துங்கிறா. நீங்க தொட்டா கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி இருக்குன்னு ஒரு வார்த்தையும் சொல்லிர்றா. ஒரு வருஷம் ஆகாம விவாகரத்து கேக்க முடியாதுன்னு ஆயிருது. அந்த ஒரு வருஷமும் அந்த வார்த்த அந்த வீட்டுக்குள்ளயே நிக்குது பாருங்க, மோகன் அத மறக்கவும் மாட்டாரு, சத்தம் போட்டுத் திட்டவும் மாட்டாரு, பக்கத்துல வந்தாலும் ஒரு அடி தள்ளியே நிப்பாரு. நீங்க ஸ்லோன்னு சொல்றது பாதி இடத்துல அதுதான், ரெண்டு பேரு ஒரே ரூம்ல பேசாம இருக்காங்க, அந்த நேரத்த பி.சி. ஸ்ரீராம் கேமராவும் இளையராஜாவும் பேசுறாங்க. நடுவுல வர்ற கார்த்திக் போர்ஷன் உங்க வயசுக்கு எப்படியும் பிடிச்சிரும், அதப் பத்தி எனக்குக் கவலையே இல்ல.

த்ரில்லர்தான் பிடிக்கும்னா 'ஊமை விழிகள்' (1986) பாருங்க. ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல படிச்சுட்டு வந்த பசங்க சேர்ந்து எடுத்தது.

கேள்வி: 'மூன்றாம் பிறை' கிளைமாக்ஸ்ல வர்ற ரயில்வே ஸ்டேஷன் எது?
– வாசகர், ஈரோடு

ஊட்டிக்குப் பக்கத்துல கேத்தி. மலை ரயில்ல போனீங்கன்னா மழை பேயிற நாளாப் பாத்துப் போங்க.

கேள்வி: சொந்தமா வீடு கட்ட ஆரம்பிச்சிருக்கோம். ஆபீஸ்ல ஒரு அண்ணன் 'வீடு' படம் பாருங்கன்னாரு, என் மனைவி இப்ப அதப் பாக்கவே வேணாம், மனசு உடைஞ்சிரும்ங்கிறாங்க. யார் சொல்றது சரி?
– வாசகர், செங்கல்பட்டு

உங்க மனைவி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா நான் அண்ணன் கட்சிதான், ரெண்டு பேரும் சேர்ந்தே பாருங்க.

1988ல பாலுமகேந்திரா எடுத்தது. அவரு மட்டக்களப்புக்காரரு, சின்ன வயசுல அவங்க அம்மா ஒரு வீடு கட்ட ஆரம்பிச்சு, அந்த வேலை நடக்க நடக்க அம்மாவோட சுபாவமே மாறினத கூட இருந்து பாத்தவரு. அதுதான் படத்தோட விதை. வாடகை வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணு அர்ச்சனா, ஒரு தங்கச்சி, வயசான தாத்தா. லோன் போடுறது, நகைய வைக்கிறது, சிமெண்ட் மூட்டைய எண்ணுறது, கான்ட்ராக்டர் ஏமாத்துறதுன்னு இப்ப நீங்க தினமும் பாத்துட்டு இருக்கிறதேதான், பாட்டு ஒண்ணுகூட கிடையாது. சித்தாள் வேலை பாக்குற மங்கம்மாவா பசி சத்யா வருவாங்க, அந்தம்மா இல்லன்னா அந்த வீடே எழும்பியிருக்காது.

ஒரு இடம் மட்டும் சொல்றேன். தாத்தாவா நடிச்ச சொக்கலிங்க பாகவதரு ஒருநாள் தனியா கிளம்பி, பாதி கட்டின வீட்டப் பாக்கப் போவாரு. பூச்சு வேலைகூட முடிஞ்சிருக்காது. அந்த மனுஷன் சுவத்தத் தடவித் தடவிப் பாப்பாரு, ஒவ்வொரு ரூமா நின்னு நின்னு பாப்பாரு, வசனம் இல்ல, மூஞ்சில மட்டும் ஒரு சின்னப் பையனோட சந்தோஷம். எங்கப்பா எங்க வீட்டுக்குத் தளம் போட்ட மறுநாள் காலைல விடியறதுக்கு முன்னாடியே போயி, தண்ணி கட்டின தளத்த சும்மா நின்னு பாத்துட்டு இருந்தாரு. எனக்கு அந்த சீன்ல எப்பவும் எங்கப்பாதான் தெரிவாரு. அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காக தேசிய விருது கெடச்சது, பாகவதருக்கும் ஒண்ணு குடுத்திருக்கணும்னு இன்னைக்கும் எனக்கு மனசு ஆறல.

முடிவு கஷ்டமானதுதான், அத நான் சொல்லல. பாத்து முடிச்ச கையோட உங்க மனைப் பத்திரம், வில்லங்கச் சான்று, அப்ரூவல் எல்லாத்தையும் இன்னொரு தடவ எடுத்துப் பாருங்க.

கேள்வி: மகேந்திரன் படங்கள எந்த வரிசைல பாக்கணும்?
– வாசகி, மதுரை

'முள்ளும் மலரும்' (1978), 'ஜானி' (1980), 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' (1980), கடைசியா 'உதிரிப்பூக்கள்' (1979). வருஷக் கணக்குல ரெண்டு படம் 70ஸ்ல வரும், தெரியும், ஆனா 80ஸ் படங்களுக்கு வாசல் தொறந்து விட்டதே அந்த ரெண்டும்தான். இவரு 'தங்கப்பதக்கம்' மாதிரி படத்துக்கு அனல் பறக்க வசனம் எழுதினவரு, தானே டைரக்ட் பண்ண வந்தப்ப வசனத்தையெல்லாம் குறைச்சுட்டாரு! அப்ப வேற எத வச்சுக் கதை சொன்னாருன்னு கவனிச்சுட்டே பாருங்க. 'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை'லேர்ந்து பொறந்தது, ஆத்தங்கரைல அந்த ரெண்டு பிள்ளைங்க நிக்கிற நிப்ப நீங்களே பாத்துக்குங்க, அதுக்கு மேல எழுத எனக்கு வரல.

கேள்வி: பழைய படங்கள்ல பாட்டத் தள்ளி விட்டுட்டுப் பாத்தா என்ன தப்பு? நேரம் மிச்சமாகுதே.
– வாசகர், சென்னை

நீங்க தள்ளி விடுற இடத்துலதான் கதை இருக்குங்க. 'சிந்து பைரவி'ல (1985) சபா மேடைல ஏறி சுஹாசினி 'பாடறியேன் படிப்பறியேன்'னு நாட்டுப்புற மெட்டுல ஆரம்பிச்சு, அப்படியே தியாகராஜரோட 'மரி மரி நின்னே'ல கொண்டு வந்து சேப்பாங்க, அந்தக் கீர்த்தனைய வழக்கமான காம்போதி ராகத்துல இல்லாம சாரமதி ராகத்துல இளையராஜா அமைச்சிருப்பாரு. சங்கீத வித்வானுக்கும் அந்தப் பொண்ணுக்கும் நடந்த மொத்த வாக்குவாதத்துக்கும் பதில் அந்தப் பாட்டுதான், அதத் தாண்டிட்டா அப்புறம் அவரு ஏன் அவகிட்ட விழுந்தாருன்னே புரியாது. இளையராஜா, சித்ரா, சுஹாசினி மூணு பேருக்கும் இந்தப் படத்துக்கு தேசிய விருது. 'ஜானி'ல கொட்டுற மழைல கேக்க ஆளே இல்லாத கச்சேரில ஸ்ரீதேவி 'காற்றில் எந்தன் கீதம்' பாடுறாங்களே, அதத் தள்ளி விட்டா படத்துல மிச்சம் என்ன இருக்கு?

கேள்வி: அப்பா போன வருஷம் தவறிட்டாரு. அவருக்கு உயிரு 'முதல் மரியாதை'. டிவில வந்தா மாத்திர்றோம், பாக்க முடியல. எப்பவாவது முடியுமா?
– வாசகி, தேனி

முடியும்மா, அவசரமே இல்ல. படம் ஆரம்பிக்கிறதே சாகக் கெடக்குற மலைச்சாமி, அதான் சிவாஜி, யாரோ ஒருத்தரு வரணும்னு உசுரப் புடிச்சுட்டு இருக்கிறதுலதான், அதனால முதல் தடவ அந்த ஆரம்பத்த விட்டுட்டு நடுவுலேர்ந்து பாருங்க. இளவட்டக்கல்லத் தூக்குற எடம், பரிசல் ஓட்டுற பொண்ணு குயிலு வீட்ல உக்காந்து மீனு சாப்பிடுற எடம். விக்கு, மேக்கப்பு, பெரிய வசனம்னு எதுவும் இல்லாம சிவாஜி நம்ம ஊருப் பெரிய மனுஷரு ஒருத்தரு மாதிரி இருப்பாரு, உங்கப்பாவுக்கு ஏன் அவ்ளோ பிடிச்சதுன்னு அங்க தெரியும்னு நெனைக்கிறேன். அம்மா இருந்தாங்கன்னா தனியாப் பாக்காதீங்க, பக்கத்துல உக்கார வச்சுக்குங்க. அப்பாவுக்குப் பிடிச்ச வசனம் எதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.