அண்ணாந்தே உட்காரும் பிள்ளைக்குத் தாடை பின்தங்குமா?

கேள்வி: பல்லடம் பக்கம் இருக்கிறோம், வீட்டோடு விசைத்தறி. எட்டு வயது மகன் எப்போதும் அண்ணாந்தாற்போலவே உட்காருகிறான். வாய் திறந்தே இருக்கிறது, தூக்கத்தில் குறட்டை. மேல் முன்பல்லும் எத்துகிறது. தலையை நேராக வைக்கப் பழக்கினால் தாடை சரியாகுமா டாக்டர்?

பதில்: தலையை விடுங்கம்மா, முதலில் மூக்கைப் பார்க்கணும். மூக்கு அடைத்த பிள்ளைக்குத் தலையைப் பின்னால் சாய்த்தால்தான் தொண்டையில் காற்றுவழி அகலும். திட்டி நிமிர்த்தினாலும் திரும்பச் சாய்ப்பான். மூச்சுக்காகச் செய்கிறான், பாவம்.

வருடக்கணக்கில் இப்படியே இருந்தால் கழுத்தின் முன்பக்கத் தோலும் தசையும் இழுபட்டு, வளரும் கீழ்த்தாடையைக் கீழும் பின்னுமாகத் தள்ளக்கூடும் என்று 1977-இல் சோலோவ், கிரைபோர்க் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் விளக்கினார்கள். வாய் திறந்திருப்பதால் நாக்கும் அண்ணத்தை விட்டு இறங்கிவிடுகிறது. உள்ளிருந்து தாங்க நாக்கு இல்லை, வெளியிலிருந்து கன்னம் அழுத்துகிறது. மேல்தாடை குறுகி, அண்ணம் குழிவது அதனால்தான். பெற்றோர் சாயலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

வாயை மூடச் சொல்லி மூக்கின் கீழ் சிறு கண்ணாடி பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஆவி படிகிறதா? ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் இரண்டு நிமிடம் வைத்திருக்க முடிகிறதா? முடியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை மூன்று முதல் ஏழு வயதில்தான் அதிகம் பெருத்திருக்கும்; பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தெரியும்.

பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாத மூக்கு என்றால் ஸ்பிரே எழுதித் தருவார்கள். பலரும் இதைத் தப்பாக அடிக்கிறார்கள். தலையைச் சற்றுக் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையால், நுனி வெளிப்பக்கம் பார்க்க அடிக்க வேண்டும். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியும். நாலு நாளில் நிறுத்தினால் பலன் இருக்காது. தறி ஓடும் இடத்தில் அவனைப் படுக்கவைக்காதீர்கள். போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் அலசுங்கள்.

மூக்கு திறந்த பிறகும் வாய் மூடாத பழக்கம் நீடிக்கலாம். பல் சீரமைப்பு மருத்துவரை இப்போதே பாருங்கள். மேல்தாடை குறுகியிருந்தால் விரிக்கும் கருவிக்கு இது நல்ல வயது. கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் கருவி பிறகு, பிள்ளை வேகமாக வளரும் 11–14 வயதில். நாக்கை அண்ணத்தில் அழுத்தி முகத்தை மாற்றலாம் என்னும் வீடியோக்களுக்கு ஆதாரம் போதாது. மூக்கு அடைத்த பிள்ளைக்கு வாயில் டேப் ஒட்டவே கூடாது.

தூங்கும்போது ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் போங்கள். மூச்சு நின்று திணறி எழுந்தால் நாள் கடத்தாமல் உடனே காட்டுங்கள்.