அல்சருக்கு உங்கள் காரக்குழம்பா காரணம்?

கேள்வி: என் கணவருக்கு அல்சர். எண்டோஸ்கோபி செய்து பார்த்த டாக்டர், கிருமியால் வந்தது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆனால் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் நான் வைக்கும் காரக்குழம்புதான் காரணம் என்கிறார்கள். இத்தனை பேர் சொல்வது தப்பாக இருக்குமா டாக்டர்?
- வாசகி, சங்கரன்கோவில்

பதில்: இருக்கும் அம்மா. உங்களிடம் சொல்வது நாலு பேர். ஒரு காலத்தில் உலகத்து டாக்டர்கள் அநேகமாக எல்லாருமே இப்படித்தான் சொன்னார்கள். கவலை, கோபம், காரம், அதனால் அமிலம், அதனால் புண் என்றுதான் எங்களுக்கும் பாடம் நடந்தது. மேல்வயிற்றில் நெடுக்குத் தழும்போடு வார்டில் படுத்திருந்தவர்களை என்னால் மறக்க முடியாது. அமிலம் குறைய வேண்டும் என்று நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். அதற்கப்புறம் சிலருக்குச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குப்பென்று வேர்த்து, நெஞ்சு படபடக்கும். பாதிச் சோற்றில் எழுந்து போய்ப் படுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கும் வீட்டார், "எல்லாம் உன் கோபத்தால் வந்தது" என்பார்கள். எல்லாரும் ஒன்றை நம்பிவிட்டால், கத்தி எங்கே படும், பழி யார் தலையில் விழும் என்பதையெல்லாம் அந்த நம்பிக்கைதான் தீர்மானிக்கும்.

வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அதனால் தீர்மானிக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர், 1979 முதல் இரைப்பைத் திசுவில் சுருள் சுருளான கிருமிகளைப் பார்த்துவந்தார். அவ்வளவு அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று மற்றவர்கள் ஒதுக்கினார்கள். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். ஆய்வகத்தில் கிருமி வளரவே இல்லை. கிருமி வளர்க்கும் தட்டுகளை இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடுவது அங்கே வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால், வளர்ந்திருக்கிறது! அதற்கும் பலர் அசையவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி, அதாவது உட்சுவரில் வீக்கம்.

அந்தத் துணிச்சலை நான் வணங்குகிறேன். ஆனாலும் அது ஒன்றே போதுமான சாட்சி என்று சொல்லமாட்டேன். அவருக்கு வந்தது அழற்சி, புண் வரவில்லை. பிறகு பல நாடுகளில் அல்சர் நோயாளிகளுக்குக் கிருமியை அழித்துப் பார்த்தார்கள். ஆறிய புண் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்தது. கேள்வி அங்கேதான் தீர்ந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். காரம் எரிச்சலைக் கூட்டலாம், அதனால் புண் ஆறும்வரை குறைத்துக்கொள்ளுங்கள். புண்ணை உண்டாக்கியது உங்கள் குழம்பு இல்லை. வலி போய்விட்டது என்று மாத்திரையை நடுவில் நிறுத்த விடாதீர்கள். மூட்டுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுபவரா? அதுவும் அல்சரைக் கொண்டுவரும், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கோர்ஸ் முடிந்து நாலு வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யச் சொல்லுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை அதற்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு மாமியாரையும் கூட்டிப் போங்கள்; ரிப்போர்ட்டை டாக்டரே அவருக்கு விளக்கட்டும்.