ரேஸ் புக்கில் முதலில் எதைப் பார்ப்பது?

அன்றைய குதிரைப் பந்தய விவரங்கள் உள்ள ரேஸ் புக்கைத் திறந்தால் எண்களாகவே இருக்கிறது. நான் புதுசு. எங்கே ஆரம்பிப்பது, அண்ணா?

ஜெயிக்கும் குதிரையைத் தேடாதீர்கள், ஜெயிக்க வாய்ப்பில்லாதவற்றின் பெயரை அடித்துவிடுங்கள். பென்சில் போதும். ஒவ்வொரு குதிரையின் கடைசி மூன்று ஓட்டங்களில் தூரம், தரை, கிளாஸ் (குதிரைகளின் தரப் பிரிவு) இந்த மூன்றை மட்டும் பாருங்கள். 6 ஃபர்லாங்கில் (ஒரு ஃபர்லாங் சுமார் 200 மீட்டர்) நன்றாக ஓடியது, இன்று 12 ஃபர்லாங்கில் என்ன செய்யும்? ஈரத்தரையில் ஓடியே பார்க்காதது இன்று சேற்றில் ஓடுகிறதா? கீழ் கிளாஸில் கிடைத்த வெற்றி மேல் கிளாஸில் செல்லுமா? இப்படி அடித்துக்கொண்டே வந்தால், எட்டுக் குதிரை ரேஸில் பெரும்பாலும் மூன்று நான்குதான் மிஞ்சும். ஜாக்கி, ட்ரெயினர் எல்லாம் அப்புறம்.

நல்ல குதிரை சுமக்கும் எடையைக் கூட்டி எல்லாவற்றையும் சமமாக்கிவிடுகிறார்கள். பிறகு கணிக்க என்ன இருக்கிறது?

எடை போடுபவர் பார்ப்பது நேற்று வரை ஓடிய ஓட்டத்தை. குதிரை இன்று மாறியிருக்கலாம். மூன்று வயதுக் குதிரை மாதத்துக்கு மாதம் தேறும், எடை அதைத் துரத்திக்கொண்டு பின்னால் வரும். அந்த இடைவெளியில்தான் நமக்கு வேலை. தோராயக் கணக்கு ஒன்று: 5 ஃபர்லாங்கில் ஒரு லென்த் (ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்துக்குச் சுமார் 1.4 கிலோ, ஒரு மைலில் சுமார் 0.9 கிலோ. தூரம் கூடக்கூட, அதே ஒரு லென்த்துக்கு இன்னும் குறைந்த எடையே போதும்.

பத்து வருடமாக ஆடுகிறேன். ஃபேவரிட்டை, அதாவது அதிகப் பணம் விழும் குதிரையை மட்டும் பிடித்தால் பாதுகாப்பு இல்லையா?

ஏறக்குறைய மூன்று ரேஸுக்கு ஒன்றில் ஃபேவரிட் ஜெயிக்கும். கை நிறையாது, ஏனென்றால் விலை, அதாவது ஜெயித்தால் கிடைக்கும் பணம், சின்னது. அமெரிக்காவில் 1973-இல் நடந்த பெல்மாண்ட் ஸ்டேக்ஸ் ரேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேவரிட்டான செக்ரடேரியட் என்ற குதிரை 31 லென்த் வித்தியாசத்தில் ஜெயித்தது, ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் முடித்தது. அதன் மேல் 2 டாலர் கட்டியவருக்குத் திரும்பி வந்தது 2 டாலர் 20 சென்ட். அது மகத்தான குதிரை, எனக்கு அதில் இரண்டாம் பேச்சே கிடையாது. ஆனால் மகத்தான குதிரை வேறு, நல்ல பந்தயம் வேறு.

அப்போது நல்ல பந்தயம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். விலைப் பலகையைப் பார்ப்பதற்கு முன்பே, உங்கள் கணிப்பை எழுதிவிடுங்கள். மிஞ்சிய நான்கு குதிரைகளுக்கு 35, 25, 20, 10 சதவீதம், அடித்துவிட்ட நான்குக்கும் சேர்த்து 10. மொத்தம் 100 வர வேண்டும். இப்போது பலகைக்கு வாருங்கள். 35 போட்ட குதிரை 1-க்கு 1 விலையில் (ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் லாபம்) நிற்கிறது. அந்த விலைக்கு அது பாதி ரேஸாவது ஜெயிக்க வேண்டும், நீங்கள் எழுதியதோ 35தான். விட்டுவிடுங்கள். 25 போட்டது 5-க்கு 1. அந்த விலைக்கு ஆறு ரேஸில் ஒன்று ஜெயித்தால் முதல் திரும்பிவிடும், அதாவது சுமார் 17 சதவீதம். உங்கள் கணிப்பு 25 இல்லை, 20தான் என்றாலும் லாபம். உண்மையில் 15 என்றால் நஷ்டம். ஆகவே ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்துக்கெல்லாம் பணம் போடாதீர்கள். டோட் (எல்லாருடைய பந்தயப் பணத்தையும் திரட்டி ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் ஏற்பாடு) தன் பங்கைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைப் பிரிக்கிறது, பந்தயம் வாங்கும் புக்கியும் தன் லாபத்தை விலைக்குள் வைத்துத்தான் கொடுக்கிறார். அதையும் தாண்டித்தான் நாம் ஜெயிக்க வேண்டும்.

போன தடவை ஆறாவதாக வந்த குதிரையை எடுத்தீர்களாமே?

ஆமாம், அந்த ஓட்டத்தின் வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். கடைசி 2 ஃபர்லாங்கில் ஓடுபாதையின் வேலி ஓரமாகச் சிக்கிக்கொண்டது. முன்னால் இரண்டு குதிரைகள் சுவர்போல. ஜாக்கி கடிவாளத்தை இழுத்து, சேணத்திலிருந்து எழுந்தே விட்டார். வழி கிடைத்தபோது 100 மீட்டர்கூட மிச்சமில்லை, அதற்குள் மூன்று குதிரைகளைத் தாண்டியது. புக்கில் வெறும் '6' என்றுதான் இருக்கும். ஆனால் தோற்ற ஒவ்வொரு குதிரைக்கும் இப்படிச் சமாதானம் தேடினால் உருப்பட மாட்டோம். ஒரே குதிரைக்கு இரண்டு தடவை சாக்கு சொன்னால், மூன்றாவது தடவை நான் தொடுவதில்லை.

ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பாடக்கில் என்ன கவனிக்க வேண்டும்?

பின்னங்கால்களுக்கு நடுவே வெள்ளை நுரை, கழுத்து நனையும் வியர்வை, தலையை ஆட்டிக்கொண்டு நடத்துபவரை இழுப்பது, இவையெல்லாம் ஓடுவதற்கு முன்பே சக்தி வீணாகும் அறிகுறி. சில குதிரைகளுக்கு அது வழக்கம்தான், முன்பு அப்படியிருந்தும் ஜெயித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று ஐந்து ரேஸ் தோற்றுவிட்டேன் சார். கடைசி ரேஸில் இரட்டிப்பாகப் போட்டால் எடுத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. நீங்கள் தோற்றது அந்தக் கடைசி ரேஸில் ஓடும் குதிரைகளுக்குத் தெரியாது, அவற்றின் வாய்ப்பு காலையில் இருந்த அதே வாய்ப்புதான். போனாலும் வருத்தமில்லாத தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு பந்தயத்துக்கு அதில் நூற்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். கடன் வாங்கியோ வீட்டுச் செலவுப் பணத்தை எடுத்தோ ஆடுவதாக இருந்தால், இன்றோடு நிறுத்திவிட்டு வீட்டில் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். இல்லையென்றால், இன்றைய ஐந்து ரேஸுக்கும் விலை பார்க்கும் முன் என்ன சதவீதம் எழுதினீர்கள் என்று அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.