இறக்கத்தில் வலித்தால் நடையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு 62 வயது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறோம். கீழ் முதுகில் எலும்பு மூட்டுகள் தேய்ந்து, நரம்பு போகும் வழியும் சுருங்கியிருப்பதாக ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். மேட்டில் ஏறும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. இறங்கும்போதுதான் இடுப்பிலிருந்து தொடை வரை இழுக்கிறது. மளிகைக் கடை மேசையில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றால் சரியாகிவிடும். “இனி வெளியே போகாதே, படுத்துக்கொள்” என்கிறான் மகன். நடப்பதை விட்டுவிடவா?
- ஒரு வாசகி

பதில்: விட வேண்டாம், அம்மா. ஏறும்போது வலி இல்லை, இறங்கும்போது வலி என்று எழுதியிருக்கிறீர்களே, டாக்டர்கள் கேட்டுக் கேட்டு வாங்கவேண்டிய விவரம் அது. மேட்டில் ஏறும்போது உடம்பு தானாக முன்னால் சாயும். அப்போது முதுகெலும்புக்குள் நரம்பு போகும் வழி சற்று அகலமாகும். பின்பக்கத்துச் சிறு மூட்டுகளில் அழுத்தமும் குறையும். இறங்கும்போது விழுந்துவிடாமல் இருக்கப் பின்னால் சாய்கிறோம். வழி குறுகி, மூட்டுகள் அழுந்துகின்றன. கடை மேசையில் சாய்ந்ததும் நிம்மதி கிடைப்பதும் இதனால்தான். ஆகவே இறக்கத்தைக் குறையுங்கள், நடையை வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் அக்கறையில் சொல்கிறார், சரி. ஆனால் படுத்தே கிடந்தால் இடுப்பைத் தாங்கும் தசைகள் சீக்கிரமே இளைத்துப்போகும். அப்புறம் அந்தப் பாரமும் தேய்ந்த மூட்டின் தலையில்தான் விழும்.

மலையில் சமதளத்துக்கு எங்கே போவது என்பீர்கள். ஏரிச் சாலை இருக்கிறதே! சுற்றளவு ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் மட்டமான பாதை. முழுச் சுற்றும் வேண்டாம். பத்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்புங்கள், வாரம் போகப் போகக் கூட்டலாம். வலி வந்த பிறகு உட்காராமல், வருவதற்கு முன்பே உட்காருங்கள். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருந்துவிட்டு எழுந்து நடங்கள். அங்கே போய்ச் சேரும் வழியில் இறக்கம் இருந்தால் பஸ்ஸில் போய்விடுங்கள், அதில் ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை. ஏப்ரல், மே சீசனிலும் சனி, ஞாயிறிலும் மட்டும் வேண்டாம். வாடகை சைக்கிள்காரர்கள் இடிக்காமல் விட்டால் அதிசயம். விடியற்காலை ஐந்து மணி நடையெல்லாம் சமவெளிக்காரர்களுக்கு. நீங்கள் வெந்நீரில் குளித்து, வெயில் வந்த பிறகு கிளம்புங்கள்.

இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக, பாதை அகலமாக இருந்தால் பக்கவாட்டில் வளைந்து வளைந்து இறங்குங்கள். தேய்ந்த ரப்பர் செருப்போடு பாசி பிடித்த படியில் கால் வைக்காதீர்கள். கேரட்டும் உருளைக்கிழங்கும் நிறைந்த சந்தைப் பையை மகன் தூக்கட்டும், அக்கறையை அங்கே காட்டலாம்.

வீட்டில்: பாத்திரம் கழுவும்போது ஒரு காலைத் தாழ்வான பலகை மேல் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது கால் மாற்றுங்கள். காலையில் படுக்கையிலேயே மல்லாந்து, ஒரு முழங்காலை இரு கைகளாலும் மார்பை நோக்கி மெல்ல இழுத்துப் பிடித்து விடுங்கள், பிறகு மறுகால். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும் நல்ல பயிற்சி. டிவியைப் பார்த்துப் புஜங்காசனம், சக்கராசனம் செய்யாதீர்கள். பின்னால் வளைவது இப்போது உங்களுக்கு ஆகாது.

நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையிலும் அந்த வலி கூடுதலாக இருந்தால், அடுத்த நடையைப் பாதியாகக் குறையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல், பிரஷர் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

பாதம் தூக்க முடியாமல் இழுபட்டால், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுக்குள் இல்லாவிட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதுகுவலியோடு காய்ச்சலோ, காரணமில்லாமல் எடை குறைவதோ, லேசாக இடறியதற்கே முதுகில் பளிச்சென்று புதிய வலியோ வந்தாலும் டாக்டரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.