கைத்தடியை ஒளித்து வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனக்கு 58 வயது. வலது இடுப்பு மூட்டை மாற்றி ஏழு வாரம் ஆகிறது. நான்கு வருடமாகத் தூங்கவிடாமல் செய்த அந்த வலி, மயக்கம் தெளிந்த அன்றே காணாமல் போயிற்று. அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் இன்னும் விந்தி விந்தித்தான் நடக்கிறேன். வலது கால் நீண்டுவிட்டதுபோல இருக்கிறது. இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் சக ஊழியர் மூன்றாவது வாரமே கைத்தடி இல்லாமல் நடந்தார். யாராவது பார்க்க வந்தால் நான் தடியைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடுகிறேன். மல்லாந்தே படுக்க வேண்டியிருப்பதால் தூக்கம் வருவதில்லை. சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. உங்களுக்கும் இது நடந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். எனக்கு ஏதாவது தப்பாகப் போய்விட்டதா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் தடியிடம் வந்து நின்றுவிட்டேன். நானும் அதைச் செய்திருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலையை நீங்கள் கொடுக்க வேண்டாம் என்பதால் அதையே முதலில் எழுதுகிறேன்.

வலி போன பிறகும் நடை ஏன் கோணலாகவே இருக்கிறது? நடக்கும்போது ஒவ்வோர் எட்டிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அந்தக் கணத்தில் இடுப்பு, தூக்கிய கால் பக்கமாகச் சரியப் பார்க்கும். சரியவிடாமல் இழுத்துப் பிடிப்பது, ஊன்றிய காலின் பக்கம் பிட்டத்தின் வெளிப்புறத்தில் இருக்கும் ஒரு தசை. மூட்டுக்கு மிக அருகில் இருந்துகொண்டு மொத்த உடம்பையும் அது நிறுத்த வேண்டும். அதனால் பலமாக இழுக்கும். உடல் எடையோடு அந்த இழுப்பும் சேர்ந்து, சாதாரண நடையிலேயே மூட்டின் மேல் நம் எடையைப்போல இரண்டரை, மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது.

தேய்ந்த மூட்டு அந்தப் பாரத்தைத் தாங்காது. ஆகவே நாம் அறியாமலேயே உடம்பை வலிக்கிற பக்கமாகச் சாய்த்து நடக்கப் பழகிவிடுகிறோம். அப்படிச் சாய்ந்தால் தசைக்கு வேலை குறையும், வலியும் குறையும். நான்கு வருடம் வேலை குறைந்த தசை மெலிந்துபோகத்தான் செய்யும். அறுவை சிகிச்சை நிபுணர் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூட்டை மாற்றிவிட்டார். தசை பழைய தசைதான், பழக்கமும் பழைய பழக்கம்தான். வலி ஒரே நாளில் போயிற்று, ஆனால் வலி கற்றுக்கொடுத்த நடை போகவில்லை. இந்த நடைக்கும் இந்தத் தசைக்கும் உள்ள தொடர்பை ஃப்ரீட்ரிச் டிரெண்டெலன்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1895லேயே எழுதிவிட்டார். இன்றும் மருத்துவர்கள் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள்.

தடியின் வேலை இங்கேதான். மாற்றிய காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் அதைப் பிடித்து ஊன்றினால், மூட்டிலிருந்து தள்ளி நின்று இடுப்பைத் தாங்கிக் கொடுக்கிறது. தள்ளி நிற்பதால் கை கொஞ்சம் அழுத்தினாலே போதும், தசையின் சுமை நிறையக் குறைந்துவிடும். மெலிந்த தசை, சாயாமல் நேராக நடக்கும் வேலையைச் செய்து பார்க்க அதுதான் வாய்ப்பு. தடியில்லாமல் விந்தி நடக்கும் ஒவ்வொரு நாளும் அந்த விந்தலுக்குத்தான் பயிற்சி.

நான் ஐந்தாவது வாரத்தில் தடியை விட்டேன். வீட்டுக்கு வந்தவர்கள் "அட, தடியே இல்லாமல் நடக்கிறீர்களே" என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை. சொன்னார்கள். ஒன்பதாவது வாரம் கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. பிசியோதெரபிஸ்ட் என்னை ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நடக்கவைத்தார். ஒவ்வோர் எட்டுக்கும் என் தோள் ஒரு பக்கமாகத் தாழ்ந்து எழுந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவர் தடியைத் திரும்பக் கையில் கொடுத்து, "எத்தனை வாரம் என்று எண்ணாதீர்கள், தோள் ஆடாமல் நடக்க வருகிறதா என்று பாருங்கள்" என்றார். பதினைந்தாவது வாரம்வரை தடியோடுதான் நடந்தேன். வீட்டில் கண்ணாடி இருந்தால் நீங்களும் இப்படிப் பாருங்கள். நீங்கள் வைத்திருக்கும் நாட்காட்டியைவிட அது சரியாகச் சொல்லும்.

உங்கள் சக ஊழியரை விட்டுவிடுங்கள். மூட்டுக்குள் முன்புறமாகப் போனார்களா, பின்புறமாகவா, எந்தத் தசையை விலக்கினார்கள், அதற்கு முன் எத்தனை வருடம் அவர் சாய்ந்து நடந்தார் என்பதையெல்லாம் பொறுத்துத்தான் அவருடைய மூன்று வாரம். அது உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

கால் நீண்டதுபோல் தோன்றுவது பலருக்கும் வருகிறது. குருத்தெலும்பு தேய்ந்து குறைந்திருந்த உயரத்தைப் புது மூட்டு திருப்பித் தருகிறது. இறுகிப்போன தசைகளோ இன்னும் இடுப்பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் சில மாதங்களில் அந்த உணர்வு மங்கிவிடும். அதற்குள் நீங்களாகவே செருப்புக்குள் அட்டை வைத்து உயர்த்திவிடாதீர்கள். உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா என்பதை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து அளந்து சொல்லட்டும்.

உள்ளே இருக்கும் மூட்டைப் பற்றியும் உங்களுக்குப் பயம் இருக்கும். எனக்கு இருந்தது. இந்த அறுவை சிகிச்சைக்கு இன்றைய உருவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. தொடை எலும்பின் தலை பொருந்திச் சுழலும் குழியாக முதலில் அவர் வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் சில வருடங்களிலேயே தேய்ந்துபோயின. எத்தனையோ நோயாளிகளுக்குத் திரும்ப அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. டெஃப்லான் துகள் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க அதைத் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். 1962 நவம்பரில் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு மாறினார், அது நிலைத்தது. 2019ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, இடுப்பு மாற்று மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 வருடம் தாண்டியும் உழைப்பதாகக் கணக்கிட்டது. அதுவும் பழைய தலைமுறை மூட்டுகளை வைத்துப் போட்ட கணக்கு. சார்ன்லியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

ஆகவே நீங்கள் எழுதியவற்றில் எதுவும் தப்பாகப் போனதற்கான அடையாளமாக எனக்குத் தோன்றவில்லை. மாலையில் கால் வீங்குவதும் தழும்பைச் சுற்றி மரத்திருப்பதும் இருந்தால் அவையும் இந்தக் கட்டத்தில் சகஜம்தான். தாமதிக்கக் கூடாதவை வேறு. கெண்டைக்கால் வலியோடு வீங்கிச் சூடாக இருப்பது, திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி, காயத்திலிருந்து கசிவு, காய்ச்சல், சட்டென்று கடும் வலியெடுத்துக் கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டு ஊன்றவே முடியாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் இரவு பகல் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூட்டு நழுவும் வாய்ப்பு முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். குனிவது, தாழ்ந்த இருக்கை, கால்மேல் கால் போடுவது பற்றி உங்களுக்குச் சொன்ன கட்டுப்பாடுகளை, அவர்களே தளர்த்தும்வரை கடைப்பிடியுங்கள்.

தூக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது. நல்ல பக்கமாகத் திரும்பிப் படுக்கலாமா என்று அடுத்த பரிசோதனையில் கேளுங்கள். எனக்கு ஆறாவது வாரம் முடிந்ததும், கணுக்கால்வரை இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்துக்கொள்ளச் சொல்லி அனுமதித்தார்கள். அன்று இரவு ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

அழுகையைப் பற்றித் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு மனம் தாழ்வது அடிக்கடி நடப்பது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாக்ஸ் போடக்கூட இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது, வலி மாத்திரைகள் வேறு. எனக்கு நான்காவது வாரம் கீழே விழுந்த ஒரு சீப்பை எடுக்க முடியாமல் அழுகை வந்தது. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் இப்படியே இருந்தால், காலுக்குப் பார்க்கும் மருத்துவரிடமே இதையும் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடிதத்தில் ஒன்றை எழுத விட்டுவிட்டீர்கள். தடியை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள்? வலது கால் என்பதால் வலது கையில் பிடித்திருந்தால் இன்றே இடது கைக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் நடந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.